வீட்டு முற்றத்தில் ஓர் எஞ்சின்

கடன் பிரிவு மேசையில் அமர்வோருக்கு ஆண்டில் இரண்டு மூன்று முறையேனும் எதிர்ப்படும் கேள்வி ஒன்றுண்டு. “வீட்டில் பழைய கார் ஒன்று நிற்கிறது. எஞ்சினைப் பிரித்து வேலை பார்க்க வேண்டும். வங்கியில் கடன் கிடைக்குமா?” கேட்பவர் பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவராக இருப்பார். காரோ பெரும்பாலும் அம்பாசிடர். அல்லது பிரீமியர் பத்மினி.

வாகனக் கடனில் வாகனமே பிணை என்பதால், முப்பது நாற்பது ஆண்டுகள் ஓடிய வண்டிக்கு அந்த வழியில் இடம் கிடைப்பது அரிது. தனிநபர் கடனோ நகைக் கடனோ பெறலாம். ஆனால் எவ்வளவு தொகை வேண்டும் என்று நாங்கள் திருப்பிக் கேட்டால் பதில் வருவதில்லை. “பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்” என்பார்கள். அது தட்டிக் கழிக்கும் பேச்சன்று, முற்றிலும் உண்மை. மூடியிருக்கும் எஞ்சினுக்கு நம்பத்தக்க மதிப்பீடு எவராலும் தர இயலாது. எனவே பிரிப்பது ஒரு வேலை, சீர்செய்வது வேறொரு வேலை என்று கொள்வதே நல்லது. முன்னதை வீட்டு முற்றத்திலேயே, பெருஞ்செலவின்றிச் செய்துவிடலாம். பின்னதைச் செய்வதா வேண்டாமா என்பதை அதன்பிறகு தீர்மானிக்கலாம்.

பிரித்துப் பார்த்தே கற்றவர்

வண்டியொன்றைப் பிரித்துப் பார்க்கும் ஆசையால் வாழ்க்கையே மாறியவர் தமிழகத்தில் ஒருவர் உண்டு. 1893-ஆம் ஆண்டு மார்ச் 23 அன்று கோவைக்கு அருகே கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்த ஜி.டி. நாயுடு, இளமையில் ஆங்கிலேய வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டார். மாடும் குதிரையும் இழுக்காமல் ஓடும் வண்டி அவரை விடவில்லை. கோவைக்குச் சென்று உணவு விடுதியில் பரிமாறுபவராக வேலை பார்த்தார், பணம் சேர்த்தார், அதே வகை மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் அதை ஓட்டி மகிழ்வதோடு நிற்கவில்லை. முழுவதும் பிரித்தார், மீண்டும் பூட்டினார். பள்ளிப் படிப்பில் நாட்டம் கொள்ளாத அவருக்கு அந்த வண்டியே பாடநூலாயிற்று.

1920-இல் பேருந்து ஒன்றை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அதற்குப் பண உதவி செய்தவர் கோவையில் தொழில் நடத்திய ராபர்ட் ஸ்டேன்ஸ். கடன் கொடுப்பவர் கண் எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எங்கள் தொழிலில் இல்லை. பிணையாக வைக்கப் பெரிய சொத்து இல்லாதவரிடம் கைத்திறன் ஒன்று இருந்தது. அந்த ஒற்றைப் பேருந்தே பின்னர் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் ஆக வளர்ந்தது. 1974-இல் மறைந்த அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகமும், பழைய கார்களுக்கென்றே அமைந்த ஜீடி கார் அருங்காட்சியகமும் கோவை அவிநாசி சாலையில் உள்ளன. விடுமுறையில் அப்பக்கம் செல்லும் வாடிக்கையாளர்கள் காணத் தவற வேண்டாம்.

திருவனந்தபுரத்துக்கும் இத்தகைய பழைய தொடர்பு ஒன்றுண்டு. திருவிதாங்கூர் அரசின் போக்குவரத்துத் துறையை 1938 பிப்ரவரி 20 அன்று மகாராஜா ஸ்ரீ சித்திரைத் திருநாள் தொடங்கி வைத்தார். இங்கிலாந்திலிருந்து வந்தவை கோமர் நிறுவனத்தின் அடிச்சட்டங்களும் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்களும் மட்டுமே. அவற்றின்மீது உடற்பகுதியைக் கட்டியவர்கள், லண்டனிலிருந்து வரவழைக்கப்பட்ட சால்ட்டர் என்னும் கண்காணிப்பாளரின் கீழ் இவ்வூரிலேயே பணியாற்றிய துறைத் தொழிலாளர்கள். மறுநாள் முதல் திருவனந்தபுரம் – கன்னியாகுமரி சேவை நடைபெறலாயிற்று. நாகர்கோவிலும் கன்னியாகுமரியும் 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர், திருவிதாங்கூர்–கொச்சி ஆட்சிப் பரப்பிலேயே இருந்தமையால், அந்தப் பேருந்து இரு மொழியினரையும் ஏற்றிக்கொண்டே ஓடியது. இன்றும் பாப்பனங்கோட்டில் இயங்கும் மத்தியப் பணிமனையைக் கடந்து செல்லும்போது, இந்நகரில் எஞ்சின் தெரிந்த கைகள் ஏன் இத்தனை என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடுகிறது.

எங்கள் வீட்டு வண்டி

இனி எங்கள் வீட்டுச் செய்தி. கரமனையில் சகோதரர்கள் நாங்கள் ஒரே வளாகத்தில் வசிக்கிறோம். தந்தையார் 1985-இல் வங்கிக் கடனில் வாங்கிய அம்பாசிடர் மார்க் 4 கார் எங்கள் முற்றத்தில் நிற்கிறது. பதிவைப் புதுப்பிக்கும் ஆண்டு வந்தது. வண்டியோ நீலப் புகை கக்கியது. அந்தப் புகையோடு தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோக இயலாது. பழைய இரும்புக்குக் கொடுத்துவிடலாம் என்றார் எங்களுள் மூத்தவர். இளையவருக்கு மனம் ஒப்பவில்லை. தந்தையார் அம்மாவை நாகர்கோவில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றதும், எங்களுள் மூவரின் திருமணத்துக்கும் ஊர்வலம் போனதும் அந்த வண்டியில்தான். இறுதியில் ஓர் உடன்பாடு கண்டோம். பிரித்துப் பார்ப்பது, மொத்தச் செலவு 60,000 ரூபாயைத் தாண்டுமானால் அத்துடன் நிறுத்திவிடுவது, கடன் வாங்குவதில்லை. மூவரும் அதைத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டோம். சிரிப்பாகத் தோன்றலாம். ஆனால் உணர்ச்சி கலந்த செலவுக்கு முன்கூட்டியே எழுதிய எல்லை ஒன்றே கடிவாளம்.

காலத்தையும் தேர்ந்துகொள்ள வேண்டும். இங்கே ஜூனில் தென்மேற்குப் பருவமழை. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. கடற்காற்றின் ஈரத்தில், எண்ணெய் துடைத்த சிலிண்டர் சுவர் ஓரிரவில் செந்துரு பூத்துவிடும். ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் முடித்துவிடுவது நன்று. அப்போதும் துடைத்த பகுதிகளில் உடனே எண்ணெய் தடவித் துணியால் மூட வேண்டும்.

ஸ்பேனரைத் தொடும் முன் நோயைக் கணிக்க வேண்டும். கரும்புகை என்றால் எரிபொருள் மிகுதி; அதற்கு எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை, கார்புரேட்டரைப் பார்த்தால் போதும். எஞ்சின் சூடான பின்னும் நீங்காத வெண்புகை, குளிர்நீர் உள்ளே கசிவதன் அடையாளம். நீலப்புகை எண்ணெய் எரிவது. எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்பதை அறியவும் எளிய வழி இருக்கிறது. பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தமானி வைத்து அளக்க வேண்டும். பிறகு ஒரு சிறு கரண்டி எண்ணெயை விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அழுத்தம் கூடினால் ரிங்குகளும் சிலிண்டர் சுவரும் தேய்ந்துள்ளன. கூடாவிட்டால் வால்வுகளில் கசிவு. எங்கள் வண்டியில் நான்கு சிலிண்டர்களிலும் அழுத்தம் கூடியது. ஆகவே அடிவரை பிரிப்பது தவிர்க்க இயலாததாயிற்று.

அம்பாசிடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின், இங்கிலாந்தின் பி.எம்.சி. நிறுவனம் வடிவமைத்தது. சிலிண்டர் விட்டம் 73.025 மி.மீ.; பிஸ்டன் ஓட்டம் 88.9 மி.மீ. கேம் தண்டு பிளாக்கின் உள்ளேயே இருக்கிறது; நெடிய தள்ளுகம்பிகள் வழியாக மேலுள்ள ராக்கர்களை இயக்குகிறது. மின்னணுச் சாதனம் ஏதுமில்லை. கண்ணால் பார்த்தே காரணத்தைக் கண்டுகொள்ளத்தக்க இத்தகைய எஞ்சினைத்தான் வீட்டில் பிரிக்கலாம். இன்றைய கார்களின் எஞ்சினை முற்றத்தில் பிரிக்க முனைய வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

எங்களுக்குத் துணை நின்றவர் ஒரு முதிய மெக்கானிக். பேட்டையில் எல்லோரும் அவரை ஆசான் என்றே அழைப்பர். அவர் விதித்த முதல் நிபந்தனை எங்களுக்குப் பழகிய ஒன்று: பேரேடு. கழற்றும் ஒவ்வொன்றையும் தேதி, இடம், எண், நிலை என்று நான்கு பத்தியில் எழுத வேண்டும். கைபேசியில் படமெடுத்தோம் என்றபோது, “படம் எடுங்கள் சார், ஆனால் எழுதவும் செய்யுங்கள். எண்ணெய்க் கையோடு படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க முடியாது” என்றார்.

பாட்டரியின் இணைப்பை நீக்கி, நீரையும் எண்ணெயையும் வடித்து, ரேடியேட்டர், கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் என வெளியுறுப்புகளைக் கழற்ற ஒரு சனிக்கிழமை போதுமானதாக இருந்தது. எஞ்சினைத் தூக்குவதில் கவனம் வேண்டும். பழைய ஓட்டு வீட்டின் உத்தரத்தில் செயின் பிளாக்கைக் கட்டித் தொங்கவிடும் வழக்கம் இவ்வூரில் உண்டு. கூரையைத் தாங்கச் செய்த மரம் அது. எஞ்சினைத் தாங்கச் செய்ததன்று. முக்காலிச் சட்டம் ஒன்றை நாள்வாடகைக்கு எடுத்தோம். தொங்கும் எஞ்சினுக்குக் கீழே எவரும் கையைக்கூட நீட்டக் கூடாது.

சிலிண்டர் ஹெட்டை எஞ்சின் முற்றிலும் ஆறிய பின்னரே கழற்ற வேண்டும். நட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். பூட்டும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு. இல்லாவிடில் ஹெட் வளையும். தள்ளுகம்பிகள் எட்டையும் ஒரு செருப்புப் பெட்டியின் மூடியில் எட்டுத் துளையிட்டு, எண்ணிட்டுச் செருகி வைத்தோம். எல்லாம் ஒன்றுபோல் தோன்றினாலும், நாற்பது ஆண்டுகளாக ஒன்றோடொன்று உரசிப் பழகிய இணைகள் அவை. மாற்றிப் போட்டால் புதிதாகத் தேயத் தொடங்கும். கனெக்டிங் ராடின் மூடிகளில் இந்த ஒழுங்கு இன்னும் கடுமையானது. ராடையும் அதன் மூடியையும் சேர்த்துப் பூட்டிய நிலையிலேயே தொழிற்சாலையில் துளை கடைகிறார்கள். ஆகவே ஒரு மூடி அதற்குரிய ராடுக்கு மட்டுமே பொருந்தும். அதுவும் ஒரே திசையில். ஒன்று முதல் நான்கு வரை புள்ளி குத்தி அடையாளமிட்ட பிறகே கழற்றினோம்.

மூன்றாம் வாரம் பிஸ்டன்கள் வெளிவந்தன. ஒன்றின் தலையில் படிந்திருந்த கரியை ஆசான் மரச்சீவலால் சுரண்டினார். அடியில் 040 என்ற எண் தெரிந்தது. அவர் சற்று நேரம் பேசவில்லை.

“சார், இது ஏற்கெனவே நாற்பதுக்குப் போன பிளாக்” என்றார் பிறகு.

இதன் பொருளைச் சொல்ல வேண்டும். பிஸ்டன் உரசி உரசிச் சிலிண்டர் சுவர் தேயும்போது அதன் வட்டம் குலைந்து, வெப்பம் மிகுந்த மேற்பகுதி அதிகம் அகன்றுவிடும். கடைசல் பட்டறையில் சிலிண்டரைச் சிறிது பெரிதாக்கி மீண்டும் வட்டமாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடுவார்கள். அங்குலத்தின் ஆயிரத்தில் 10, 20, 30, 40 என்ற படிகளில் இந்தப் பெரிய பிஸ்டன்கள் கிடைக்கும். 040 என்றால் கடைசிப் படி. தந்தையார் காலத்தில் எப்போதோ இந்த எஞ்சின் பிரிக்கப்பட்டு, எல்லையையும் எட்டிவிட்டது. வீட்டில் எவருக்கும் அது தெரியாது. மேலும் கடைவதற்கு இரும்பு இல்லை.

எழுதி வைத்த 60,000 ரூபாய் அன்று மாலை மீண்டும் விவாதத்துக்கு வந்தது. பழைய இரும்புக் கட்சி வலுப்பெற்றது. எஞ்சிய வழி ஒன்றுதான்: லைனர். சிலிண்டரை நன்கு அகலமாகக் கடைந்து, வார்ப்பிரும்புக் குழாயொன்றை அழுத்திப் புகுத்தி, அதன் உட்புறத்தைத் தொழிற்சாலையின் முதல் அளவான 73.025 மி.மீட்டருக்கே கடைவார்கள். பிளாக்கில் விரிசல் இருந்தால் அதுவும் நடவாது. பட்டறையில் சோதித்ததில் விரிசல் இல்லை. நான்கு லைனர்கள், கிராங்க் தண்டைக் கடைவது, ஹெட்டின் தளத்தைச் சமன்செய்வது ஆகியவற்றுக்குப் பட்டறைக் கூலி. பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கட் ஆகியவற்றுக்கு உதிரிபாக விலை. அனைத்தையும் கூட்டியபோது 52,000 ரூபாய் வந்தது. மூத்தவரே முதலில் சம்மதித்தார்.

உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றுபோனாலும் உதிரிபாகங்களுக்குப் பஞ்சமில்லை. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் புதியவை கிடைக்கின்றன, பழையவற்றுக்குப் புதுப்பேட்டை. பிராண்டு பெயரைப் பார்த்து மயங்காமல், பெட்டியைத் திறந்து அளந்து வாங்க வேண்டும் என்பது ஆசானின் அறிவுரை.

எதை வீட்டில் செய்யலாம், எதைப் பட்டறைக்கு அனுப்ப வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் கணக்கில் வரும் கடைசல் வேலை எதையும் வீட்டில் செய்ய இயலாது. கழுவுதல், கரி நீக்குதல், அரைப்புப் பசை தடவி வால்வுகளை அவற்றின் இருக்கையில் தேய்த்துப் பொருத்துதல், ரிங்கின் இடைவெளியைச் சிலிண்டருக்குள் வைத்தே ஃபீலர் கேஜால் அளத்தல் ஆகியவற்றுக்குப் பொறுமைதான் முதலீடு. வால்வு இடைவெளி சரிசெய்வதில் ஒரு கணக்கு இருக்கிறது. வணிகவியல் படித்தவர்களுக்கு மிகவும் பிடிக்கும். எட்டாம் வால்வு முழுதும் திறந்திருக்கும்போது முதல் வால்வைச் சரிசெய்ய வேண்டும். ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவதை. எப்போதும் இரண்டையும் கூட்டினால் ஒன்பது.

உறுப்புகளைக் கழுவப் பெட்ரோல் வேண்டாம். அதன் ஆவி தரையோடு பரவி அடுக்களை வரை செல்லும். மண்ணெண்ணெயே போதும். பழைய கேஸ்கட்டுகளில் கல்நார் கலந்திருக்கலாம். உலர்ந்த நிலையில் சுரண்டித் தூசியைக் கிளப்பாமல் நனைத்து எடுக்க வேண்டும். வடித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றினால், அது ஆமையிழஞ்சான் தோட்டுக்கோ கரமனை ஆற்றுக்கோதான் போய்ச்சேரும். கழிவு எண்ணெய் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரக் கழிவு. மூடிய தகரத்தில் சேர்த்து, அதைச் சேகரிக்கும் பணிமனையில் ஒப்படைத்தோம்.

தாள்களும் முக்கியம்

எஞ்சின் பட்டறையில் இருந்த நாட்களில் நாங்கள் பதிவுச் சான்றிதழைப் புரட்டினோம். 1985-இல் கடன் கொடுத்த வங்கியின் பெயர் அதில் இன்னும் இருந்தது. கடன் தீர்ந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அடைமானக் குறிப்பு நீக்கப்படவில்லை. இது பல வீடுகளில் காணும் நிலை. கடன் முடிந்தவுடன் வங்கியிடம் தடையில்லாச் சான்றும், வங்கி கையொப்பமிட்ட படிவம் 35-உம் பெற்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்தால்தான் அந்தப் பெயர் நீங்கும். வாசிக்கும் அன்பர்கள் தங்கள் வண்டியின் சான்றிதழை இன்றே எடுத்துப் பார்ப்பது நல்லது.

தனியார் காருக்கு முதல் பதிவு 15 ஆண்டு. பிறகு ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம். புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு அதன்பின் மேலும் உயர்ந்துள்ளது. சாலை வரி, பசுமை வரி தனி. செலவுக் கணக்கில் இவற்றையும் சேர்க்காவிட்டால் மதிப்பீடு முழுமையாகாது. காப்பீட்டிலும், ஐந்தாண்டு கடந்த வண்டியின் மதிப்பை நிறுவனமும் உரிமையாளரும் பேசித்தான் முடிவு செய்கிறார்கள். பட்டறை ரசீதுகளைப் பத்திரப்படுத்தினால் அப்போது பேச வாய் இருக்கும்.

எஞ்சின் எண் பிளாக்கில் இருக்கிறது. பிளாக்கையே மாற்றினால் எண்ணும் மாறும். அதைப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்துச் சான்றிதழில் திருத்தம் பெற வேண்டும். லைனர் போடுவதில் இந்தத் தொல்லை இல்லை. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 2021-இல் வந்த விதிகளின்படி, முதற் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த காரைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். அதற்கு அடிச்சட்டம், உடற்பகுதி, எஞ்சின் ஆகியவை மூல வடிவில் இருக்க வேண்டும். எரிபொருள் மிச்சத்துக்காக அம்பாசிடரில் வேறு டீசல் எஞ்சினைப் பொருத்துவது ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அப்படி மாற்றிய வண்டிகளுக்கு இந்த வாயில் அடைபட்டுவிடும். மாறாக, வண்டியைக் கைவிடுவதே முடிவானால், தெருவோர இரும்புக் கடைக்குக் கொடுக்காமல் பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்தில் ஒப்படைத்துச் சான்று பெற வேண்டும். அந்தச் சான்றின் பேரில், புதிய காரின் சாலை வரியில் 25 விழுக்காடு வரை சலுகை தர விதிகளில் இடமுண்டு.

பிளாக் திரும்பி வந்தபின் பூட்டுவதற்கு நான்கு ஞாயிறுகள் ஆயின. பிரித்த வரிசையின் நேர் எதிர் வரிசையில் பேரேட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் படித்தோம். ஒவ்வொரு வரியும் முடிந்ததும் இளையவர் சிவப்பு மையால் குறியிட்டார். முதல் 500 கிலோமீட்டருக்கு வேகம் 50-ஐத் தாண்டக் கூடாது, ஏற்றத்தில் இழுக்க விடக் கூடாது, அதன்பின் எண்ணெயை மாற்றி ஹெட் நட்டுகளை மீண்டும் முறுக்க வேண்டும் என்று ஆசான் விதித்திருக்கிறார். இப்போது 310 ஓடியிருக்கிறது. மீதத்தை நாகர்கோவில் சென்று திரும்பும் பயணத்தில் முடிப்பதாக இருக்கிறோம். முன்னிருக்கையில் யார் என்பது இன்னும் முடிவாகவில்லை.